ஐந்தாவது கம்பி எங்கே முடிகிறது?

1

எங்கள் ஊரின் கடைசித் தெருவிளக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரம், ஒரு ஓடை, அப்புறம் முக்கால் கிலோமீட்டர் மண்ரோடு. ரோட்டின் முடிவில் காலனி. கரண்ட் பில் கூடுகிறதென்று அப்பா வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டால் அந்தக் கம்பத்தடியில் பாய் போட்டுப் படித்திருக்கிறேன். தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவன் என்கிற கதையைச் சில மேடைகளில் நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. சொல்லாமல் விட்டது ஒன்று. என்னோடு ஒரே பெஞ்சில் படித்த காலனி நண்பன் ஒருநாளும் இரவில் அந்த வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன் காலனி இளைஞர்கள் தெருவிளக்கு கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார்கள். "எம்.ஏ. தமிழ் படிச்சிருக்கீங்க, நீங்க எழுதுனா எடுப்பா இருக்கும்ணே" என்றான் ஒரு பையன். எடுப்பாகத்தான் எழுதினேன். சமத்துவம், மனித மாண்பு எல்லாம் அதில் இருந்தன. ஊராட்சி அலுவலகத்தில் மனுவை வாங்கிப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தத் தெருவுக்கு சார்? தெருப் பேரே போடலியே." காலனிக்கு என்றேன். ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார். ஊர்ப் பகுதியில் பதினோரு தெருக்கள் வரிசையாகப் பெயரோடு இருந்தன. அப்புறம் காலனி என்று ஒரே சொல். நான்கு சந்துகளும் இருநூறு வீடுகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தன. "தெருவுன்னு இருந்தாத்தானே தெருவிளக்கு?" என்று அவர் கேட்டதில் கேலி எதுவும் இல்லை. நிர்வாகத்தின் இலக்கணத்தைச் சொன்னார். இலக்கணம் படித்தவன் எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு யோசித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை. தெருவிளக்கை ஒரு பிரதியாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் அதை வாசிக்கக் கொஞ்சம் மின்சாரமும் கொஞ்சம் சட்டமும் தெரிய வேண்டியிருக்கிறது.

2

'வெளிச்சம் வந்தது' என்று நாம் சொல்கிறோம். மழை வந்தது, பஸ் வந்தது என்பது மாதிரி. வெளிச்சம் தானாக வருவதில்லை. அது எதையாவது பின்தொடர்ந்து வருகிறது. எதைப் பின்தொடர்ந்தது என்று பார்த்தால்தான் எங்கே நின்றுபோயிற்று என்பது புரியும்.

காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902இல் மின் உற்பத்தி தொடங்கியபோது அந்த மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு. மூன்று வருஷம் கழித்து, 1905இல்தான் பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தன. கோலார் சுரங்கங்களின் ஆழத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் வடார்க்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தலித் மக்கள். அவர்களை எந்திரம் வைத்து பூமிக்குள் இறக்கிய மின்சாரம் அவர்கள் விட்டுவந்த சேரிகளுக்கு வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

சென்னை மாகாணத்திலும் இதே வரிசைதான். பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். 1957இல் மின்சார வாரியம் உருவானது. அதன்பின் கிராமங்களுக்குக் கம்பி இழுத்ததில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட வெகுதூரம் முன்னால் போயிற்று. இதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கவலை ஏற்றம் ஓட்டிய மாடும் மனிதனும் ஓய்ந்தது அந்தக் கம்பியால்தான். ஆனால் கம்பி எதை நோக்கிப் போனது? கிணற்றை நோக்கி. 1965-66 வறட்சிக்குப் பிறகு இந்தியா முழுக்கவே கிராம மின்மயம் என்றால் பம்புசெட் என்று ஆயிற்று. 1969இல் இதற்கென்றே கிராம மின்மயக் கழகம் அமைக்கப்பட்டது.

கிணறு யாரிடம் இருந்தது? நிலம் உள்ளவரிடம். ஆக, கம்பி நிலத்தின் வரைபடத்தைத் தொடர்ந்து போயிற்று. நிலத்தின் வரைபடம் சாதியின் வரைபடம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காட்டில் தனியாக நிற்கும் கிணற்றுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் போன பிறகும் இருநூறு குடும்பம் வாழும் சேரி இருட்டில் இருந்ததற்கு மேலே இருந்தவர்களின் கெட்ட எண்ணம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. திட்டத்தின் இலக்கு நீர், விளைச்சல். மனிதர்களின் இரவு அதன் இலக்கில் இல்லை.

3

மின்வசதி பெற்ற கிராமம் என்றால் என்ன? இதற்கு அரசு தந்த விளக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல சிறுகதை போல இருக்கிறது.

1997 வரை விளக்கம் இதுதான்: ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்கேனும், எந்தக் காரியத்துக்கேனும் மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற கிராமம். எல்லை ஓரத்தில் ஒரு பம்புசெட் ஓடினால் போதும். ஒரு வீட்டிலும் விளக்கு எரியாமலேயே கிராமம் முழுக்க வெளிச்சமாகிவிடும், கணக்கில். 1997 அக்டோபரில் ஒரு சொல் சேர்ந்தது: மக்கள் குடியிருக்கும் பகுதியில் மின்சாரம் பயன்பட வேண்டும். அதாவது கிராமம் என்பதில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதைச் சுதந்திரம் பெற்று ஐம்பது வருஷம் கழித்து இந்த விளக்கம் கண்டுபிடித்தது.

2004இல் மூன்றாவது விளக்கம். குடியிருப்புப் பகுதியிலும், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் ட்ரான்ஸ்பார்மர், கம்பி முதலிய அடிப்படை வசதிகள் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம், சமூகக்கூடம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் தரப்பட வேண்டும். மொத்த வீடுகளில் குறைந்தது 10 சதவீதத்துக்கு இணைப்பு இருக்க வேண்டும். விளக்கம் மாறிய மாத்திரத்தில், அதுவரை வெளிச்சமாக இருந்த ஏராளமான கிராமங்கள் ஒரே நாளில் இருண்டன. 2005இல் பாரத் நிர்மாண் திட்டம் 1,25,000 கிராமங்களுக்கு மின்வசதி தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு இணைப்பு தரப்பட்டதும் நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டன என்று அறிவித்தார்கள்.

இந்த விளக்கங்களில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ஒன்று, 2004 வரை 'கிராமம்' என்ற சொல்லுக்குள் சேரி தானாக அடங்கவில்லை. அதைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்னொன்று, பொது இடங்களின் பட்டியலில் பள்ளிக்கூடம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. தெரு பெயர் சொல்லப்படவில்லை. 'முதலியன' என்பதற்குள் எங்கேயாவது இருக்கலாம்.

முதல் விஷயத்துக்குத் தமிழில் நீண்ட பரம்பரை உண்டு. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி விதிக்கப்படாத நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம் என்று ஒன்றைச் சொல்லி, பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போகின்றன. ஊரின் எல்லைக்குள் இருப்பது வேறு, ஊராக இருப்பது வேறு. வருவாய்க் கிராமத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவே 1997இல் போட்ட கோட்டைச் சோழர் கணக்கர்கள் வேறுவிதமாக முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். இன்றும் எங்கள் பக்கத்தில் "ஊருக்குள்ள போய்ட்டு வரேன்" என்றுதான் காலனிக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் இருப்பது எங்கே என்ற கேள்விக்கு மொழியில் விடை கிடையாது.

2025 ஏப்ரலில் காலனி என்கிற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஒரு சொல்லை நீக்குவது பாதி வேலை. நீக்கிய இடத்தில் நான்கு சந்துகளுக்கும் நான்கு தெருப்பெயர்கள் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஒரு சொல் இருந்த இடம் வெற்றிடமாகப் போகும்.

4

இப்போது கம்பிக்கு வருவோம். கிராமத்துத் தெருவில் போகும் தாழ்வழுத்த மின்பாதையை அண்ணாந்து பார்த்தால், முழுமையான பாதையாக இருந்தால் ஐந்து கம்பிகள் தெரியும். மூன்று கம்பிகள் மூன்று ஃபேஸ். ஒன்று நியூட்ரல். ஐந்தாவது தெருவிளக்குக்கு மட்டுமானது. வீடுகளுக்கு இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் இருக்க வேண்டும், தெருவிளக்கு பொழுது சாய்ந்து எரிந்து விடிந்ததும் அணைய வேண்டும். அதனால் அதற்குத் தனிக் கம்பி, தனி சுவிட்சு. ஒரு சுவிட்சைப் போட்டால் அந்தக் கம்பியில் தொங்கும் எல்லா விளக்கும் ஒருசேர எரியும். எங்களூர் லைன்மேன் ஒருவர் கம்பத்தடியில் நின்று இதைச் சொல்லிக்கொடுத்தார். "மேல பாத்துக்கிட்டே நடந்து போங்க சார், அஞ்சு எங்க நாலா ஆவுதோ அங்க ஊரு முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம்" என்றார். இதைவிட நல்ல விமர்சன வாக்கியத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

நடந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல் கம்பம் வரை ஐந்து. புளியமரம் தாண்டியதும் நான்கு. அதாவது காலனிக்கு மின்சாரம் போகிறது. வீடுகளில் விளக்கு எரிகிறது, மிக்சி ஓடுகிறது, டிவி ஓடுகிறது. தெருவில் மட்டும் இருட்டு. மின்சாரம் இல்லாததால் வந்த இருட்டு அல்ல இது. ஒரே ஒரு கம்பி குறைந்ததால் வந்த இருட்டு.

வீட்டு விளக்குக்கும் தெருவிளக்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். வீட்டு இணைப்பை ஒரு நுகர்வோர் கேட்கிறார், பெயர் கொடுக்கிறார், பணம் கட்டுகிறார். தமிழ்நாட்டில் குடிசைகளுக்கு இலவசமாக ஒரு விளக்கு தரும் திட்டம்கூட வெகுகாலமாக உண்டு. 2017இல் வந்த சௌபாக்யா திட்டமும் வீடுகளுக்கானதுதான். தெருவிளக்குக்கு அப்படித் தனி மனிதர் யாரும் விண்ணப்பிக்க முடியாது. அதன் நுகர்வோர் ஊராட்சி. 1958ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டமும் சரி, இப்போது நடப்பில் உள்ள 1994ஆம் வருஷத்துச் சட்டமும் சரி, குடியிருப்புப் பகுதிகளில் பொதுச்சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு போடுவதை ஊராட்சியின் கடமை என்றே சொல்கின்றன. செய்தால் நல்லது என்கிற பட்டியலில் அது இல்லை, செய்தே ஆக வேண்டிய பட்டியலில் இருக்கிறது.

நடைமுறை இப்படி: ஊராட்சி மன்றம் தீர்மானம் போட வேண்டும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அங்கிருந்து வந்து பார்த்து எஸ்டிமேட் போடுவார்கள். பணம் கட்டிய பிறகு கம்பி நீளும். மாட்டுகிற விளக்கும் அதன் பராமரிப்பும் கரண்ட் பில்லும் ஊராட்சியின் செலவு. ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து இருக்கிறது. முதல் கையெழுத்து தலைவருடையது. 1996இல் இடஒதுக்கீட்டோடு நடந்த தேர்தலுக்குப் பிறகு அந்தக் கையெழுத்து தலித் கைக்குப் போவதை ஏன் சிலரால் தாங்க முடியவில்லை என்பது இப்போது புரியும். 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவரை உட்காரவிடாமல் செய்தார்கள். தலைவர் பதவி வெறும் மரியாதைச் சின்னமாக இருந்திருந்தால் இத்தனை வெறி வந்திருக்குமா? தண்ணீர் எந்தச் சந்துக்குத் திரும்பும், ஐந்தாவது கம்பி எதுவரை போகும் என்று முடிவு செய்யும் நாற்காலி அது.

5

இந்த இடத்தில் என்னைப் போன்ற படிப்பாளிக்கு வரும் ஒரு சறுக்கலையும் சொல்லியாக வேண்டும். தெருவிளக்கு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஐரோப்பிய வரலாறு. பாரிஸ் நகரத்தில் 1667இல் தெருக்களுக்கு விளக்குக் கூண்டுகள் மாட்டும் ஏற்பாட்டை நடத்தியவர் அதே வருஷம் உருவாக்கப்பட்ட போலீஸ் பதவியில் அமர்ந்த லா ரெனி. விளக்கு ராஜாவின் கண் என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். 1830 ஜூலைப் புரட்சியில் கூட்டம் தெருவிளக்குகளை அடித்து நொறுக்கியது. இதையெல்லாம் ஃபூக்கோவோடு சேர்த்து, வெளிச்சம் என்பது கண்காணிப்பு, இருட்டு என்பது விளிம்புநிலை மக்களின் சுதந்திர வெளி என்று ஒரு கட்டுரை எழுதக் குறிப்புகூட எடுத்து வைத்திருந்தேன்.

அந்தக் குறிப்புகளோடு காலனியில் ஒரு ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருட்டுல எங்களுக்கு என்னாப்பா சுதந்திரம்? பூச்சி பொட்டு கடிக்கிறது இருட்டுலதான். எவனோ வந்து குடிசையில நெருப்பு வெச்சான்னா, வெச்சது யாருன்னு தெரியாமப் போறதும் இருட்டுலதான். எங்கள யாருன்னா பாக்குறாங்கன்னு நாங்க பயப்படல. வர்றவன் யாருன்னு நாங்க பாக்கணும்."

பார்க்கப்படுவது, பார்ப்பது. இரண்டும் வேறு வேறு. பாரிஸின் விளக்கு மேலிருந்து கீழே பார்த்தது. ஆயா கேட்ட விளக்கு கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்கானது. ஒரே கருவிதான், யார் கண்ணுக்கு அது வெளிச்சம் தருகிறது என்பதில் அர்த்தம் தலைகீழாகிறது. கோட்பாட்டை நான் தூக்கிப் போடவில்லை. அதைக் காலனி மண்ரோட்டில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அதே காலனியில் இளம்பெண் ஒருத்தி சொன்னது இன்னும் சிக்கலானது. ஓடைக்கரையில் விளக்கு போடச் சொல்லாதீர்கள் என்றாள். பல வீடுகளில் அப்போது கக்கூஸ் இல்லை. பொழுது சாய்ந்த பிறகு பெண்கள் ஒதுங்குகிற இடம் அந்த ஓடைக்கரை. அங்கே விளக்கு வந்தால் இன்னும் தூரமாக, இன்னும் இருட்டான இடத்துக்குப் போக வேண்டும். ஆக, வெளிச்சம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதே ஆண்களின் மனுவாக ஆகிவிடக்கூடும். கக்கூஸ் முதலில், ஓடைக்கரை விளக்கு அப்புறம். சந்துகளுக்கு விளக்கு உடனே. இந்த வரிசையை அவர்கள்தான் சொல்ல முடியும். என் முதல் மனுவில் இப்படி எந்த வரிசையும் இல்லை.

மின்சாரம் வெளிச்சமாகத்தான் வர வேண்டும் என்றும் கட்டாயமில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பின் தலித் பகுதியைப் பிரித்து எழுப்பப்பட்ட சுமார் 600 மீட்டர் சுவரின் மேல் கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சியிருந்தது 2008 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. சட்டமன்றத்தில் பேசப்பட்ட பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. மே 6ஆம் தேதி சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. தெருவுக்கு விளக்காக வர வேண்டிய மின்சாரம் தெருவை மறிக்கும் வேலியாக வந்தது. தொழில்நுட்பம் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புகிற நண்பர்கள் அந்தச் சுவரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

6

இரண்டாவது மனுவைக் காலனி இளைஞர்களும் பெண்களும் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். எடுப்பான வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. நான்கு சந்துகளுக்கு நான்கு பெயர், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை ஐந்தாவது கம்பி இல்லை, எந்தச் சந்துக்கு எத்தனை விளக்கு, கடமை சொல்லும் சட்டத்தின் பெயர். அவ்வளவுதான். கிராமசபையில் படித்துத் தீர்மானமாக்கக் கேட்டார்கள். முதல் தடவை கோரம் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை நிறைவேறியது. அதன்பின் ஒன்றரை வருஷம் கழித்துப் புளியமரத்தைத் தாண்டிக் கம்பி போயிற்று. பன்னிரண்டு விளக்குகள். அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கவில்லை. விளக்குக்கு விளக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். அடுத்த ஆடியில் கோயில் திருவிழாவில் ஒரு தகராறு. அன்று பொழுது சாய்ந்ததும் ஊரில் விளக்கு எரிந்தது, காலனியில் எரியவில்லை. ஃப்யூஸ் போயிற்று என்றார்கள். மூன்று நாள் ஃப்யூஸ் போயிருந்தது. பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது: காலனி விளக்குகளின் சுவிட்சுப் பெட்டி ஊருக்குள், கோயில் பக்கத்துக் கம்பத்தில் இருக்கிறது. மாலையில் போட்டுக் காலையில் அணைப்பவர் ஊர்க்காரர். கம்பி போய்ச் சேர்ந்துவிட்டது, சுவிட்சு போய்ச் சேரவில்லை.

தானாக எரிந்து அணையும் கருவி மாட்டினால் சரியாகிவிடும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சூரியசக்தி விளக்கு போடலாம் என்கிறார்கள் சிலர். போடலாம். சோலார் விளக்குக்கு ஊரின் தயவு வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் பேட்டரி செத்த பிறகு அதை மாற்ற வேண்டியவர் யார் என்ற கேள்வி மறுபடியும் அதே ஊராட்சி அலுவலக வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. கருவியை மாற்றலாம், கேள்வி மாறாது.

தெருவிளக்கை வாசிக்க மூன்று கேள்விகள் போதும் என்று இப்போது நினைக்கிறேன். ரிஜிஸ்டரில் அது தெருவாக இருக்கிறதா? ஐந்தாவது கம்பி எங்கே முடிகிறது? சுவிட்சு யார் கையில் இருக்கிறது? முதலாவது மொழியைப் பற்றியது, இரண்டாவது செலவைப் பற்றியது, மூன்றாவது அதிகாரத்தைப் பற்றியது. உங்கள் ஊரில் பொழுது சாயும் நேரமாகப் பார்த்து, அண்ணாந்து பார்த்தபடி கடைசி விளக்கு வரை நடந்து பாருங்கள். அந்த விளக்கு என் வீட்டு வாசலில் இருந்தது போல உங்கள் வீட்டு வாசலிலும் இருக்கலாம்.

மூன்றாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம். சுவிட்சுப் பெட்டியைக் காலனிப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்பது அதில் உள்ள ஒரே கோரிக்கை. இந்த முறை எழுதுவது நானில்லை. என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பனின் மகள் எழுதுகிறாள்.